மார்கிட்டுக்கு இரண்டு ஓட்டு

மார்கிட் ஹாகன் எங்கள் துறையில் ஏழு வருடம் விருந்தாளியாக இருந்தாள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, பதவியின் பெயரே அதுதான்: வருகைதரு உதவிப் பேராசிரியர். ஒவ்வொரு மே மாதமும் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வருடத்து வகுப்புகளுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிடுவாள். முதல் வருட லத்தீன் அவள்தான். கிரேக்கம் படிக்க நாலு பேர் சேர்ந்தால் அதுவும் அவள்தான். உட்கார அறை கிடையாது. நகலெடுக்கும் இயந்திரம் இருக்கிற அறையில் ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுத்திருந்தோம். யாராவது நாற்பது பக்கம் நகலெடுக்க வந்தால், அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி மாணவர்களுக்கு வினைச்சொல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பழைய தோல் சுவடிகளைப் படிப்பதில் அவளை மிஞ்ச எங்களில் ஆள் இல்லை. கையெழுத்துதான் அவள் படிப்பு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மடத்தில் குளிரில் விரல் விறைக்க எழுதிய துறவியை, அவன் ஒரு கோட்டை எங்கே ஆரம்பித்து எங்கே தூக்கினான் என்பதை வைத்தே, பன்னிரண்டாம் பக்கத்தை எழுதிய ஆள்தான் இவன், வேறு யாருமில்லை என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பானதாக எனக்கு நினைவில்லை.

நான் வெர்னா க்ரோகர். வயது அறுபது. இதே கல்லூரியில் இருபத்தொன்பது வருடமாக மத்தியகால லத்தீன் சொல்லித் தருகிறேன். எனக்குச் சொந்தமாக அறை உண்டு, ஏரியைப் பார்த்த ஜன்னல் உண்டு, என்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது. என் கணவர் இறந்த வருடம் டிசம்பரில், நான் கேட்காமலேயே காலை ஆறரைக்கு வந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவள் மார்கிட். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் வீட்டில்தான் சாப்பிடுவாள். உருளைக்கிழங்கை மேலே அடுக்கி நான் செய்யும் ஹாட்டிஷை இரண்டு தடவை போட்டுக்கொள்வாள். எனக்கு மகள் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு எங்கள் துறைக்கு ஒரு நிரந்தர இடம் கொடுத்தார்கள். அதே சமயம், யாரையும் ஏழு வருடத்துக்கு மேல் விருந்தாளியாக வைத்திருக்கக் கூடாது என்பதும் கல்லூரியின் விதி. ஆக, அந்த இடம் கிடைத்தால் மார்கிட் இருப்பாள். கிடைக்காவிட்டால் ஜூனில் கிளம்ப வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் வேறு ஊரில் வேறு கல்லூரியில் மறுபடி விருந்தாளியாகத் தொடங்க அவளுக்குத் தெம்பு இல்லை. அதை மறைக்கவும் இல்லை.

"இது இல்லேன்னா ஃபார்கோவுக்குப் போக வேண்டியதுதான், வெர்னா. எங்கண்ணன் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல நாற்காலியே வாங்கிப் போட்டுட்டானாம். சுத்துற நாற்காலியாம்" என்றாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழுவிக்கொண்டே.

"சும்மா இரு. உன்னை விட்டா யாரு இருக்கா இதுக்கு?" என்றேன். அப்போது அது உண்மை.

நூற்று நாற்பத்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். செத்த மொழிகளைப் படித்தவர்கள் உயிரோடு இத்தனை பேர் இருக்கிறார்களா என்று ராண்டல் கேட்டான். ராண்டல் ஓக்ஸ்தான் எங்கள் துறைத்தலைவன், கிரேக்கக்காரன், தேர்வுக் குழுவுக்கும் அவன்தான் தலைமை. விண்ணப்பங்களை ஒன்று விடாமல் படித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு மார்கிட் இருந்தாள். மூன்று பேரை நேரில் கூப்பிட்டோம். டொரண்டோவிலிருந்து ஒரு பெண், கிழக்குப் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து டோபயஸ் ரீட் என்ற முப்பது வயதுப் பையன், அப்புறம் மார்கிட்.

மூவரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், இம்மியும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று எழுத்தில் வந்திருந்தது. விதியை எங்களைப் போல் விழுந்து விழுந்து பின்பற்றுகிறவர்கள் கிடையாது. மார்கிட்டின் வீடு கல்லூரியிலிருந்து நாலு தெரு தள்ளி. இருந்தாலும் அவளை இரண்டு ராத்திரி விருந்தினர் விடுதியில் தங்க வைத்தோம். அவளிடமே லத்தீன் படிக்கிற ஒரு மாணவி அவளைக் கூட்டிப்போய், இதுதான் நூலகம், இதுதான் லத்தீன் வகுப்பறை என்று காட்டினாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. மார்கிட்தான் அவளைத் தேற்றி, அடுத்து எங்கே போகணும், பட்டியலைப் பார் என்றிருக்கிறாள். நேர்காணலில் கடைசிக் கேள்வி எங்கள் ஊர்க் குளிர் பற்றியது, அது மூவருக்கும் பொது. இதே குளிரில், டலூத்தில் பிறந்து வளர்ந்தவளைப் பார்த்து, மைனஸ் முப்பது உங்களுக்குச் சரிப்படுமா என்று ராண்டல் சிரிக்காமல் கேட்டான். பழகிடுவேன்னு நினைக்கிறேன் என்று அவளும் சிரிக்காமல் சொன்னாள்.

அவள் கொடுத்த உரை அந்த மூன்றில் மிகச் சிறந்தது. டோபயஸின் உரையும் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவன் கேள்விகளுக்குப் பதில் சொன்னான், இவள் கேள்வி கேட்டவர்களையே யோசிக்க வைத்தாள். டொரண்டோப் பெண் வேறு இடம் கிடைத்து நடுவிலேயே விலகிக்கொண்டாள். மிச்சம் இரண்டு பெயர்.

விஷயம் இங்கேதான் கெட்டது. போன வருடம் இசைத் துறையில் ஒரு இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். அங்கேயே விருந்தாளியாக இருந்த ஒருவருக்கே எல்லோரும் ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். இறுதி ஒப்புதல் தர வேண்டிய டீன் ஓட்டுத் தாளைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே முடிவு பண்ணி வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டி நாடகம் ஆடியிருக்கிறீர்கள் என்று தேர்வையே ரத்து செய்தார். இடமும் போயிற்று, ஆளும் போயிற்று. இந்தக் கதையை ராண்டல் ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் என் அறை வாசலில் நின்று நினைவுபடுத்தினான்.

"அஞ்சுக்கு அஞ்சு வந்துச்சோ, அந்த ஆளு அங்கயே கிழிச்சுப் போட்டுடுவான். நாலுக்கு ஒண்ணுன்னா எவ்வளவு அழகா இருக்கும்" என்றான்.

யாருக்கு ஓட்டு என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. அதனால் அவன் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேர்: ராண்டல், நான், பண்டைக் கலை வரலாறு சொல்லித் தரும் ஹியூபர்ட், எங்களுக்குப் பின்னால் சேர்ந்த இளையவர்கள் இருவர். மார்கிட் என் வீட்டில் சாப்பிடுவது ஊருக்கே தெரியும். நான் அவளுக்கு ஓட்டுப் போட்டால் அதற்கு மதிப்பில்லை, மாற்றிப் போட்டால் அவளுக்கே நல்லது, தேர்வு சுத்தமாகத் தெரியும். மற்ற நாலு பேர் இருக்கிறார்களே. இப்படி ஒரு கணக்குப் போட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

சின்னத் துண்டுக் காகிதங்களில் இரண்டு பெயரையும் வரிசைப்படுத்திக் கையால் எழுத வேண்டும். நான் டோபயஸ் ரீட் என்று முதலில் எழுதி, மார்கிட் ஹாகன் என்று கீழே எழுதினேன். மடித்துப் போட்டேன். தேர்வு நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க வெளித் துறையிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும். எங்களுக்கு வந்தவள் வேதியியல் துறை ஜோன். அவள்தான் காகிதங்களைப் பிரித்து எண்ணினாள். அவளுக்கு எங்களில் யாரையும் தெரியாது.

"டோபயஸ் ரீட் மூணு. மார்கிட் ஹாகன் ரெண்டு" என்றாள்.

ஹியூபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினான். ராண்டலின் காது நுனி சிவந்துபோயிருந்தது. இளையவர்கள் இருவரும் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் திகைப்பும் வெறுப்பும் இருந்தன. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று கிழங்கள் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே புத்திசாலித்தனத்தைச் செய்திருந்தோம்.

ஜோன் பேனாவைத் திறந்தாள். "யாராவது ஏதாவது சொல்லணுமா? சொல்றதா இருந்தா குறிப்புல எழுதணும், அதான் கேக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். டீனை ஏமாற்றுவதற்காகப் பொய்யாக ஓட்டுப் போட்டேன் என்று சொன்னால் அது அப்படியே குறிப்பில் ஏறும், தேர்வு ரத்தாகும், இடம் போகும், மார்கிட்டும் போவாள். அதனால்தான் மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. இருபத்தொன்பது வருட மரியாதைக்குப் பிறகு என் பெயர் ஒரு குறிப்பேட்டில் அப்படி ஏறுவதை நினைத்துப் பயந்தேன் என்பது மீதிப் பாதி. ஜோன் இரண்டாம் தடவை கேட்டாள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அவள் காகிதங்களை உறையில் போட்டு ஒட்டினாள்.

டோபயஸுக்குக் கடிதம் போயிற்று. அவன் யோசித்துச் சொல்ல மூன்று வாரம் அவகாசம். அவன் மறுத்தால் இடம் இரண்டாவது பெயருக்கு வரும், அது ஒன்றுதான் மிச்சமிருந்த நம்பிக்கை. கணவரின் சவ அடக்கத்துக்குப் பிறகு தேவாலயப் பக்கம் போகாத நான், ஒரு முன்பின் தெரியாத பையனுக்கு வேறு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று இரண்டு ஞாயிறு போய் உட்கார்ந்து வேண்டினேன்.

மார்கிட்டிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வாரமாகியும் கூப்பிடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. வழக்கம்போல வகுப்பெடுத்தாள், பொது அறையில் எங்கள் காபிக் கோப்பைகளைக் கழுவி வைத்தாள். அவளை எதிர்கொள்ள முடியாமல், எனக்கு ஜலதோஷம், இந்த ஞாயிறு வேண்டாம் என்று சொன்னேன். அன்று மத்தியானம் என் வாசற்படியில் மூடிபோட்ட பாத்திரத்தில் கோழி சூப் இருந்தது. படியிலிருந்த பனியும் தள்ளியிருந்தது. அந்த சூப்பை என்னால் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

இருபதாம் நாள் டோபயஸ் மறுத்துவிட்டான். மேற்குக் கடற்கரையில் பெரிய இடம் கிடைத்ததாம். நானும் ராண்டலும் மேல்கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் பனியில் டீன் அலுவலகத்துக்கு ஓடினோம். அறுபது வயதில் நான் ஓடியது அதுதான்.

டீன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, விரலால் காட்டினார்.

"அஞ்சு பேர்ல மூணு பேர் இவங்களை வேணாம்னு சொல்லியிருக்கீங்க. முன்னப்பின்ன தெரியாதவங்களா இருந்தா பரவால்ல. ஏழு வருஷம் கூடவே இருந்து பார்த்தவங்க நீங்க. உங்களுக்கே வேணாங்கறப்ப நான் எப்படிங்க முப்பது வருஷத்துக்கு வெச்சுக்கறது?"

ராண்டல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிட்டேன். என் ஓட்டு பொய், அவளுக்குத்தான் போட்டிருக்க வேண்டும், உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று மாற்றிப் போட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"வெர்னா, இதை நான் கேட்டேன்னு வெச்சுக்கவா, கேக்கலைன்னு வெச்சுக்கவா? கேட்டேன்னா தேர்வே செல்லாது. கேக்கலைன்னா அவங்களுக்கு ரெண்டு ஓட்டுதான். எப்படிப் பார்த்தாலும் இடம் இல்ல."

ராண்டல் கடைசிவரை நிமிரவில்லை. அந்த இடம் தரவு அறிவியலுக்குப் போயிற்று. மார்கிட்டுக்கு இரண்டு வரியில் ஓர் ஈமெயில் போயிற்று, அதில் அவளுடைய பங்களிப்புக்கு நன்றியும் இருந்தது.

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி முழுசாகக் கரைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் மார்கிட் என் அறைக்கு வந்தாள். கையில் கல்லூரிச் சாவிக் கொத்து, என்னுடைய ஹாட்டிஷ் பாத்திரம் ஒன்று, ஒரு பழுப்பு உறை. பாத்திரத்தை ஜன்னலோரம் வைத்தாள். உறையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்து, வகுப்பில் சுவடிப் பக்கங்களைப் பரப்புவது போலவே மேஜைமேல் வரிசையாக வைத்தாள். எங்கள் ஓட்டுச் சீட்டுகளின் நகல்.

வேலை கிடைக்காதவர்கள் தங்கள் கோப்பை எழுதிக் கேட்டு வாங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. மார்கிட் கேட்டிருக்கிறாள், அலுவலகம் கொடுத்திருக்கிறது. ஓட்டுப் போட்டவர்களின் பெயர் எங்கும் இல்லாதபடி கவனமாக மறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பழைய கையெழுத்துகளைப் படிப்பதே தொழிலாக இருக்கிற துறையில், ரகசிய ஓட்டைக் கையால் எழுதிப் போடுவது எப்படிப்பட்ட மடத்தனம் என்று எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

"சின்னவங்க ரெண்டு பேரும் ஒழுங்கா போட்டிருக்காங்க" என்று இரண்டு தாளை ஒதுக்கினாள். "இது ராண்டல். இது ஹியூபர்ட், பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவார், பாவம்." கடைசித் தாளை என் பக்கம் திருப்பினாள். "இதுக்கு நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். தெரியாம இல்ல. வேற யாராவதா இருக்கணுமேன்னு பார்த்தேன்."

இருபத்திரண்டு வயதில் ஓர் அயர்லாந்துச் சுவடியைப் பார்த்து மயங்கி, அந்தத் துறவிகளைப் போலவே தலை தட்டையாகவும் வால் வளைந்தும் ஆங்கில 'ஜி' எழுத்தை எழுதக் கற்றுக்கொண்டேன். அப்போது வெறும் பகட்டு, பிறகு கை பழகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதினால் அவள் பெயரில் ஒரு ஜி, அவள் குடும்பப் பெயரில் ஒரு ஜி. இரண்டையும் அழகாக, நிதானமாக, இரண்டாவது வரியில் எழுதியிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இசைத் துறை, நாலுக்கு ஒன்று, மற்ற நாலு பேர் இருக்கிறார்களே என்று நினைத்தது, ஜோனின் பேனா. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ராண்டலும் இதேதான் சொன்னார். ஹியூபர்ட்டும் இதேதான். ஏறக்குறைய வார்த்தைகூட மாறல" என்றாள். பிறகு, "மூணு சுவடில ஒரே இடத்துல ஒரே தப்பு இருந்தா என்ன அர்த்தம், வெர்னா?" என்று கேட்டாள்.

"மூணு பேரும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றேன். முதல் வருடப் பாடம்.

"ஆமா. ஆனா நீங்க மூணு பேரும் யாரும் யாரையும் பாக்கலையே. அதான் யோசிச்சுப் பார்த்தேன். என் பேரை முதல்ல எழுத வேற யாராவது இருப்பாங்கன்னு மூணு பேருக்கும் தனித்தனியா தோணியிருக்கு. ஏழு வருஷமா எல்லாத்துக்கும் அப்படித்தானே இருந்துச்சு. அறை குடுக்கணும்னா வேற யாராவது கேப்பாங்க. டீன்கிட்ட சொல்லணும்னா வேற யாராவது சொல்லுவாங்க."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் சாவிக் கொத்தை அதில் வைத்துவிட்டாள்.

தாள்களை ஒழுங்காக அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு, ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். அண்ணன் ஆபீஸ்தான் என்றாலும் மேலே ஒரு கம்பெனி இருக்கிறது, முன்னால் கூட வேலை பார்த்தவர்கள் மூன்று பேரிடம் நற்சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். சின்னவர்கள் இருவரும் கொடுத்துவிட்டார்கள்.

"மூணாவதுக்கு எனக்கு வேற யாரும் இல்ல" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "டைப் பண்ணியே குடுத்துடுங்க. உங்க கையெழுத்தை நான் இனிமே பாக்க வேணாம்."

அவள் படியிறங்கி, ஏரிப் பக்கத்துப் பாதையில் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். அவளுடைய பழைய காரின் பின் சீட்டில் அகராதிகள் கண்ணாடி மறைய அடுக்கியிருந்தன.

பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். இவரை எத்தனை வருடமாகத் தெரியும்: ஏழு. நேர்மையானவரா: ஆம். பொறுப்பானவரா: ஆம். ஆறாவது கேள்வி, உங்களோடு வேலை செய்தவர்களில் இவருக்கு எத்தனையாவது இடம் கொடுப்பீர்கள் என்பது. யோசிக்க ஒன்றுமில்லை. ஒன்று என்று அடித்தேன்.